மூன்றாவது டீச்சர்

மூன்றாவது டீச்சரும் மகளின் அறைக் கதவருகே தரையில் உட்கார்ந்தபோது அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் மனைவி வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறாள். நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி. அதற்குள் மகள் வெளியே வந்து அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

எட்டு மாதமாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. என்ன நடந்தது என்று யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை.

மனைவியின் வேலையே இதுதான். மனசு ஒடிந்து படிப்பை விட்ட பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவதென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். அதட்டாதே, ஏன் என்று கேட்காதே, பக்கத்தில் உட்கார், காத்திரு. பஸ் ஓட்டுகிற அவர், "நாலு அறை விட்டா தானா ஓடும்" என்று கிண்டலடிப்பார். முந்தாநாள் பயிற்சி வகுப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள், மகராசி.

"கண்ணு, வரணும்னு கட்டாயம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்," என்றார் டீச்சர். முதல் இருவரும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னார்கள். மனைவியிடம் பயிற்சி எடுத்தவர்கள், பாவம், வேறென்ன சொல்வார்கள்?

உள்ளே குரல் வெடித்தது. "இதெல்லாம் அம்மா எங்கிட்ட சொல்லிப் பாத்ததுதான்! எங்கிட்டயே பலிக்கலை. போங்க டீச்சர்!"

டீச்சர் முகம் செத்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மைத்துனன் வந்தான். "மச்சான், வண்டி டிரைவர் அவசரப்படுத்துறாரு. கதவ உடைச்சிடலாமா?"

போன வாரமென்றால் அவரே உடைத்திருப்பார். "வேணாம். நீ கூடப் போ. இவளத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது."

"அக்காவ மட்டும் தனியா அனுப்புவீங்களா?"

அவர் கூடத்துக்குப் போய் மனைவியின் நெற்றியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. திரும்பி வந்து டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. வாசலில் வண்டிக் கதவு சாத்தும் சத்தமும், பிறகு நாலைந்து பேர் அழும் சத்தமும் கேட்டன.

ரொம்ப நேரம் கழித்து மகள் கேட்டாள். "அம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா."

"நீங்க போகலையா?"

"இல்ல."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. அடித்துப்பிடித்து எழுந்து நின்றார். மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டிருந்தாள்.