ஓரத்தில் கூடுதலாக இருந்த காகிதம்

“பசை ஆறிப்போச்சு. லேசா சூடு பண்ணித் தாயேன்” என்றார் என் கணவர். சோறு வடித்துவிட்டு வருகிறேன் என்றேன். கிண்ணத்தோடு திரும்பியபோது, மேசையில் விரித்திருந்த வம்சப் படத்தின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தார். தூக்கி நிமிர்த்தினேன்; உயிர் இல்லை. ஈர மையில் அவருடைய பாட்டனார் பெயர் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர். ஏழு ஆண்டுகள் பதிவு அலுவலகங்களில் தூசு தின்று அந்தப் படத்தை வரைந்தார். எங்கள் குடும்பத்துக்குப் பெரியவீட்டார் என்று பெயர். குடும்பச் சங்கம் படத்தைப் புத்தகமாகப் போடுவதாக இருந்தது. சங்கத் தலைவர் அவருடைய அண்ணன், நூல் ஆலை முதலாளி.

கடைசி மாதம்தான் என் கணவர் அதைக் கண்டுபிடித்தார். பின்கட்டார் என்ற குடும்பப் பெயருள்ளவர்களும் நாங்களும் ஒரே வேர். ஆலையைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தாவுக்கு, வீட்டின் பின்கட்டில் வேலைக்கு இருந்த பெண்ணிடம் ஒரு மகன். பிறப்புப் பதிவேட்டில் தகப்பன் பெயர் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. அந்த மகனின் பேரன்தான் இப்போது ஆலையின் வாசல் காவலாளி. “எனக்குத் தம்பி முறை ஆகுது, தெரியுமா?” என்று பூரித்துப்போய், படத்தின் வலது ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டி அந்தக் கிளையை வரைந்தார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அண்ணன் மனைவியோடு படத்தைக் கேட்டு வந்தார். சட்டைப் பையில் புது பிளேடு.

“அத்தான், அது அவரோட ஏழு வருஷ உழைப்பு.”

“உழைப்பை யாரும்மா தொட்டா? ஓரத்துல கொஞ்சம் காகிதம் கூடுதலா இருக்கு, அவ்வளவுதான்.”

அவர் மனைவி வடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். “நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட, வாசல்ல நிக்கிறவரும் பங்காளிதான்னு நீ சொல்லுவியா?”

அத்தான் அந்தக் காகிதத்தை நேராக, அழகாக வெட்டினார். வெட்டிய துண்டில், வடை தின்ற விரல் எண்ணெயைத் துடைத்து, எச்சில் தட்டில் போட்டார். அவர்கள் போனதும் அதை எடுத்து உதறினேன். எண்ணெயில் பெயர்கள் ஊறியிருந்தன.

மறுநாள் காலை அதை ஆலை வாசலுக்குக் கொண்டுபோனேன். இந்த ஆளுக்காவது தெரியட்டும்; என் கணவரின் கண்டுபிடிப்பு ஒரு மனிதரிடமாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். காவலாளி எழுந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“இதுவாம்மா? எங்கம்மா சின்ன வயசுலயே சொல்லிட்டாங்க.”

“முதலாளிக்கு?”

“தெரியாமலா? தாத்தா, அப்பா, இப்ப நான். வாய மூடிக்கிட்டு இருந்தா இந்த வேலை எங்க வீட்டுக்கு. சாருக்கு மட்டும்தான் தெரியாது போல. பாவம், வெள்ளந்தியான மனுஷன்.”

மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுக்கு வேலை கொடுக்கும் குடும்பம் எங்களுடையது என்று முப்பது ஆண்டுகளாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்.

“இதை வச்சுக்கங்க” என்றேன்.

“வேணாம்மா. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு.” துண்டை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

பின்னால் கார் ஹாரன் கேட்டது. ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்து சல்யூட் அடித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வம்சப் புத்தகம் வந்துவிட்டது. வழவழப்பான தாள். ஆலைக் கதவு இன்றும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. திறப்பவர் அதே காவலாளிதான்.