சுவர் காஞ்சுதா?

என் கணவருக்குக் கொத்தனார்களைக் கண்டாலே ஆகாது. ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை விட்டுவிட்டு விரலை அடிக்கிற மனுஷன், பின்னறைச் சுவரைத் தானே பூசப்போவதாக அறிவித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவசரம் என்னுடையது.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து அப்பா என் தம்பி வீட்டில் இருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் வெளியே நடக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்பாவோ சோபாவுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் வாக்கரை இழுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கண்டக்டராக பஸ்ஸுக்குள் நின்றபடியே ஊரைச் சுற்றியவர் அவர். எங்கள் வீடு தரைத்தளம். பின்னறைக் கதவைத் திறந்தால் நேராகத் தெரு.

"தாராளமா வரட்டும். ஆனா அந்த ரூம்ல ஓதம். வயசானவரு, நெஞ்சுல சளி கட்டிக்கும். முதல்ல சுவர் சரியாகட்டும்" என்றார் கணவர். மாமனார் மேல் இவருக்கு இவ்வளவு கரிசனமா என்று நான் உருகித்தான் போனேன். என்னைச் சொல்லவேண்டும்.

வேலை தொடங்கியது. உளியும் சுத்தியலுமாகப் பழைய காரையைக் கொத்தி எடுத்ததில் வீடு முழுக்கத் தூசி; சோற்றில்கூட மணல் கடிபட்டது. அப்புறம் சிமெண்ட்டைக் குழைத்துக் கரணையால் வீசினார். சுவரில் ஒட்டியதைவிட அவர் தலையில் ஒட்டியதுதான் அதிகம். ஒருவழியாகப் பூசி முடித்தபோது சுவர் நடுவில் தொப்பை போட்டிருந்தது. அதைத் தள்ளி நின்று பார்த்து, "எப்படி?" என்று வேறு கேட்டார்.

"பிரமாதம்" என்றேன்.

"ஒரு வாரம் தண்ணி விடணும். அப்பத்தான் சிமெண்ட் இறுகும். அப்புறம் நல்லாக் காயணும், பட்டி பாக்கணும், பெயிண்ட் அடிக்கணும்."

அப்பாவுக்குப் பிடித்த வெளிர் பச்சையில் பெயிண்ட் டப்பாவை நானே வாங்கிவந்து அறை மூலையில் வைத்தேன். தண்ணீர் விட்ட வாரம் முடிந்தது. சுவர் காயவில்லை. அதற்கடுத்த வாரமும் காயவில்லை. தினமும் சாயங்காலம் அப்பா போன் செய்வார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டார்.

"சுவர் காஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம்தாம்ப்பா."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருக்கும். "பழைய வீடு. ஈரத்தை உள்ளுக்குள்ள இழுத்து வச்சிருக்கும். அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா கொப்புளம் கொப்புளமா வரும்" என்பார் கணவர், சேனலைத் திருப்பிக்கொண்டே. நான் டேபிள் ஃபேனைக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து ஓடவிட்டேன். ஆள் படுக்க வேண்டிய அறையில் சுவர் காற்று வாங்கியது.

ஒரு மாதத்துக்குமேல் ஆனபிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் கீழே அதிகமாக இருக்கும். கூரை ஒழுகினால் மேலே இருக்கும். இந்தச் சுவரிலோ என் கணவரின் தலை உயரத்துக்கு மேலே காய்ந்து வெளுத்திருந்தது, அதற்குக் கீழே வீசியடித்த மாதிரி திட்டுத் திட்டாக ஈரம். போதாததற்கு, பாத்ரூம் மக்கைத் தேடினால் அது எப்போதும் பின்னறையில் கிடைத்தது.

மறுநாள் தலைவலி என்று சொல்லி மதியமே கடையிலிருந்து வந்துவிட்டேன். கணவருக்கு அந்த மாதம் காலை ஷிப்ட், மதியத்துக்கெல்லாம் வீட்டில் இருப்பார். பின்னறையில் சளப் சளப் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பனியனோடு நின்று, வாளியிலிருந்து மக்கில் மொண்டு மொண்டு சுவரில் வீசிக்கொண்டிருந்தார். சுவருக்காக நான் வைத்த ஃபேன் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

கையிலிருந்த மக் கீழே விழுந்தது. "சும்மா... இன்னும் கொஞ்சம் இறுகட்டும்னு..."

"ஒரு வாரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

கையும் களவுமாக மாட்டியவர் குரலை உயர்த்தினார். "ஆமா, ஊத்தினேன்! இப்ப என்னாங்கறே? உங்கப்பா ஒருதடவை வந்தா திரும்பிப் போவாரா? என் வீட்ல நான் பனியனோட உக்கார முடியுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் என்னை டிக்கெட் எடுக்காத ஆளைப் பாக்கற மாதிரியே பாக்கறாரு!"

வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றிருப்பேன். நடக்க முடியாத ஒருவரைத் தினமும் காக்கவைத்துவிட்டு, அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்லவைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுகை முட்டியது. இந்த ஆள் முன்னால் அழுவதாவது என்று அடுப்படிக்குப் போய்த் தம்பிக்கு போன் போட்டேன்.

அன்று சாயங்காலமே தம்பியும் அவன் நண்பனும் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். எங்கள் படுக்கையறையில், கணவர் படுக்கும் கட்டிலில் அப்பாவைப் படுக்கவைத்தேன். ஹாலில் எனக்குப் பாயை விரித்தேன். கணவரின் தலையணையையும் போர்வையையும் பின்னறையில் போட்டேன்.

"அங்க ஈரமா இருக்கே! எனக்குச் சளி பிடிக்கும்" என்றார்.

"சுவர் காஞ்சதும் வாங்க."

அப்பா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

காலையில் அப்பா வாக்கரோடு தெருவில் இறங்கினார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. வரும் வழியில் பின்னறைக்குள் நுழைந்தார். என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தார். அப்பா சுவரைத் தொட்டுப் பார்த்தார், அதன் தொப்பையைத் தடவினார், அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு முன்னாடியே தெரியும்மா. எந்தச் சுவர் இத்தனை நாள் காயாம இருக்கும்?"

"அப்புறம் எதுக்குப்பா தினமும் போன் பண்ணிக் கேட்டீங்க?"

"வேற என்னன்னு கேக்கறது? நான் வரலாமான்னா?"

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். திரும்பினால் கணவர் அறை வாசலில் நின்றார். "எல்லாம் சரி, நான் எப்ப என் ரூமுக்கு வரலாம்? இனிமே நான் தண்ணி ஊத்தப்போறதில்ல. ரெண்டு நாள்ல காஞ்சுடும்."

பாத்ரூமுக்குப் போய் வாளியை நிரப்பினேன். அவரைத் தாண்டிப் பின்னறைக்குள் போனேன். மக்கில் மொண்டு, என் பலம் கொண்டமட்டும் சுவரில் வீசினேன்.