பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பதில்

குமாரபாளையத்தில் எங்கள் கடைக்கு வந்த எந்த வியாபாரியும் "இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியது கிடையாது. ஊதாக் கரை போட்ட லுங்கி வேண்டுமா? "குடோன்ல இருக்குதுங்க, டீ குடிங்க" என்போம். டீ ஆறுவதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து எங்கள் ஆள் எடுத்து வந்துவிடுவான். அங்கேயும் கிடைக்காவிட்டால், "சாயத்துல கெடக்குது, வெள்ளிக்கிழமை வந்துருமுங்க" என்போம். அன்றைக்கே எங்கள் தறியில் பாவு நூல் ஏறும். வெள்ளிக்கிழமை லுங்கி வரும். இதைப் பொய் என்பவர்கள் வியாபாரம் செய்தறியாதவர்கள். சொன்ன நாளில் சரக்கு வந்துவிட்டால் அது எப்படிப் பொய்யாகும்? என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்து மானம் இதில்தான் இருக்கிறது.

என் தம்பி ஜீவானந்தத்தின் மகள் சௌந்தர்யா கம்ப்யூட்டருக்குப் படித்தவள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளை வீட்டிலிருந்தபடியே லேப்டாப் வழியாக இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தது. கடைசிச் சுற்று. இதிலும் தேறாவிட்டால் கடையில் பில் போட உட்காரவேண்டியதுதான் என்று தம்பி சொல்லிவிட்டான். பெண் காலையிலிருந்து ஒரு இட்லிகூடத் தொடவில்லை.

முகம் தெரியாத யாரோ நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது பெரியவன் ஒருவன் இருக்கவேண்டாமா? நாற்காலியோடு போனேன்.

"பெரியப்பா, கூட யாரும் இருக்கக் கூடாதுன்னு மெயில்லயே போட்டிருக்காங்க. பாத்தாங்கன்னா வேலையே போயிரும்."

"நான் எங்க கூட இருக்கறேன் சாமி? பின்னால இருக்கறேன்."

அலமாரியும் துணி மூட்டைகளும் தெரியாமலிருக்க அவளுக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தோம். மயில்நீலக் கட்டம், எங்கள் தறியில் ஓடியது. பார்க்கிறவர்கள் சரக்கையும் பார்க்கட்டும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். சத்தம் கேட்காமலிருக்கத் தறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

கம்பெனியிலிருந்து அபிநயா என்ற பெண் பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எந்தெந்தக் கம்ப்யூட்டர் மொழி தெரியும் என்றாள். நம் பெண் ஜாவா என்றாள், பைத்தான் என்றாள், நெடுநேரம் எதையோ விளக்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் குரல் எங்கும் தொய்யவில்லை. எங்கள் வீட்டுக் குரல் அது.

"ரஸ்ட் தெரியுமா?"

"இல்லைங்க மேடம். தெரியாது."

நான் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

"கோ?"

"அதுவும் இல்லைங்க."

"ஜில்மா?"

"கேள்விப்பட்டதே இல்லைங்க மேடம்."

இதற்கு மேல் எந்த மானஸ்தனால் பொறுக்க முடியும்? என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்துருமுங்க!"

அபிநயாவின் குரலே மாறிவிட்டது.

"யாரது பின்னால? சௌந்தர்யா, பதில் சொல்லித்தர ஆள் வெச்சிருக்கீங்களா? போன வாரம் ஒருத்தர் டேபிளுக்கடியில அவங்க அண்ணனை உட்கார வெச்சிருந்தார். அந்த ஷீட்டை விலக்குங்க."

சௌந்தர்யா எழுவதற்குள் நானே விலக்கினேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கூனாமல் நின்றேன்.

"பாலசுந்தரமுங்க. இந்தப் பொண்ணோட பெரியப்பன். நான் ஒண்ணும் ஒளிஞ்சுக்கலைங்க. என்ற ஊட்டுல நான் உட்கார்ந்திருந்தேன்."

"என்ன வேலை சார் பார்க்கறீங்க?"

"ஜவுளிங்க."

"அந்த டேபிளடி அண்ணனும் பேக்கரி வெச்சிருக்கேன்னுதான் சொன்னார். விசாரிச்சா பெரிய கம்பெனியில புரோகிராமர். நீங்க உள்ளபடியே ஜவுளிதானான்னு நான் பார்க்கணும். ரஸ்ட் தெரியுமா சார்?"

சௌந்தர்யா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"இருக்குதுங்க."

"எவ்வளவு நாளா?"

"அப்பா காலத்துல இருந்தேங்க."

"கோ?"

"அது வேகமா ஓடற ஐட்டமுங்க. வெச்சா நிக்கறதே இல்லை."

"அப்ப ஜில்மா?"

"எந்தக் கலர்ல வேணுமுங்க?"

அபிநயா திரையிலிருந்து காணாமல் போனாள். மேசைக்குக் கீழே குனிந்து சிரிப்பது தோளசைவில் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சார், ஜில்மா எங்க வீட்டுப் பூனை. அப்படி ஒரு மொழியே கிடையாது. தெரியாததைத் தெரியும்னு சொல்றாங்களான்னு பார்க்கத்தான் எல்லாரையும் கேட்பேன். இன்னைக்கு வந்தவங்க அத்தனை பேரும் கொஞ்சம் தெரியும்னாங்க. கேள்விப்பட்டதே இல்லைன்னது உங்க பொண்ணு மட்டும்தான். நீங்க சொல்லிக்கொடுத்திருந்தா இவங்க முதல் கேள்வியிலயே போயிருப்பாங்க."

"அப்ப..." என்றாள் சௌந்தர்யா.

"சந்தேகம் தீர்ந்துச்சு. திங்கக்கிழமை வேலைக்கு லெட்டர் வரும். அடுத்த தடவை பெரியப்பாவைக் கடைக்கு அனுப்பிட்டு உட்காருங்க."

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார். நான் குனியவில்லை.

"மேடம், இல்லாததை இருக்குதுன்னு சொல்றோம்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. ஆர்டர் குடுத்துப் பாருங்க."

"கொடுத்தாச்சே சார். வெள்ளிக்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆமாங்க. வெள்ளிக்கிழமை."

திரை அணைந்தது. சௌந்தர்யா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

"பெரியப்பா, ஒரு நிமிஷத்துல என்ற உசிரே போயிருச்சு!"

"வேலை கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுது."

"அப்பறம் என்ன? போயி சாப்பிட்டுட்டு வந்து உட்காரு."

"எதுக்கு?"

"அந்த ஜில்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேடிக்கை பேசுகிறவன் அல்லன் என்பது அவளுக்குத் தெரியும்.

"பெரியப்பா, ஒரு மொழியவே உண்டாக்கணும்! அதுக்குள்ள எப்படி முடியும்?"

"முழுசா யாரு சாமி கேட்டாங்க? சாம்பிளுக்கு ஒரு மீட்டர் போதும்."

தறிகளை ஓட்டச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் சௌந்தர்யா சாம்பிளை அபிநயாவுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பினாள். அதில் எதைத் தட்டினாலும் 'மியாவ்' என்றுதான் பதில் வருமாம். வரட்டும். சொன்ன நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் என் பங்குக்குப் பூனைக்கு ஒரு மயில்நீலத் துண்டு பார்சல் போட்டேன்.