விண்டில்பியில் ஐரீனுக்கு ஓர் அறை

வெளிநாட்டுக் கடிதத்தைக் கேள்வி கேட்பதில்லை. மட்டக்களப்புப் புளியந்தீவில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் தெரியாதவர் எவரும் இல்லை. கடிதம் வாசிக்கப்படும். கேட்பவர்கள் வியப்பார்கள், சிரிப்பார்கள், உரிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது எப்படி என்றோ எப்போது என்றோ மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது மெல்பேணுக்கோ லண்டனுக்கோ போயிருந்தார். இன்று அடுத்த வீட்டுக் கடிதத்தைக் கிளறினால் நாளை தன் வீட்டுக் கடிதமும் கிளறப்படும் என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அயல்வீட்டுத் தங்கராசா ஒருமுறை, "விண்டில்பிக்கு எந்த பஸ்ஸில போறது?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அன்று அவருக்கு வந்த தேநீரில் சீனி இருக்கவில்லை. அடுத்த மாதம் தேநீரே வரவில்லை.

விண்டில்பி என்பது ஐரீனின் அண்ணன் க்ளைவ் வாழ்ந்த ஆங்கிலேயச் சிற்றூர். எண்பத்தேழாம் ஆண்டு அவன் கப்பலேறிய நாள்முதல் அவனுடைய கடிதங்கள் வரத் தொடங்கின. மாதத்தின் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும், ஐரீனின் வீட்டு ஹோலில் கதிரைகள் போடப்படும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். பாலத்தடிப் பேக்கரியின் மிஸ்டர் பெல், ஆலைக்காரரின் நாய், தேவாலயத்து மணியைப் பிழையான நேரத்தில் அடிக்கும் செவிட்டுக் கிழவர் எல்லோரும் அந்த ஹோலுக்கு வந்து போனார்கள். ஐரீன் ஆங்கில ஆசிரியை. நல்ல வசனத்துக்கு உதாரணம் வேண்டும்போதெல்லாம் அண்ணனின் கடிதங்களையே வகுப்பில் சொல்வதெழுதலுக்குக் கொடுத்தாள். சொந்த மாவட்டத்து வாகரை எந்தத் திசையில் இருக்கிறதென்று தடுமாறும் பிள்ளைக்குக்கூட, விண்டில்பியின் பாலத்தைக் கடந்தால் இடப்பக்கம் பேக்கரி வருமென்று தெரிந்திருந்தது. ஆலைக்காரரின் நாய் ஒரு கடிதத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் மண்ணிறமாகவும் இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தபோது, ஐரீன் சற்றும் யோசிக்காமல், "அவருக்கு ரெண்டு நாய்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கடிதங்கள் பின்னாளில் மின்னஞ்சலாக மாறின, விண்டில்பி மாறவில்லை. இப்போது முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு க்ளைவ் ஊருக்கு வரவிருந்தான். பறங்கியர் சங்க மண்டபத்தில் அவன் தன் கடிதங்களைத் தானே வாசிக்கப் போகிறான் என்று சங்கத் தலைவர் யூஸ்டஸ் பட்டினம் முழுவதும் சொல்லித் திரிந்தார்.

அவன் வருவதற்கு முதல் நாள் நஸ்ஹா வந்தாள். காத்தான்குடிக்காரி, ஐரீனோடு ஒரே பாடசாலையில் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். ஒரு வருடப் பயிற்சிக்காக இங்கிலாந்து போய்த் திரும்பியிருந்தாள். போகும்போது ஐரீன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தேவாலயத்தைப் பார்த்தபடி நிற்கும் க்ளைவின் வீட்டை ஒரு படம் எடுத்து வரவேண்டும். க்ளைவின் முகவரி எப்போதும் லண்டன் தபால்பெட்டி ஒன்றாகத்தான் இருந்தது. சிற்றூர்த் தபால் அப்படித்தான் போய்வரும் என்று அவன் எழுதியிருந்தான்.

"போனன் மிஸ். ரெண்டு ரெயின் மாறி, பிறகு பஸ் புடிச்சுப் போனன்," என்றாள் நஸ்ஹா. கொடுத்த தேநீரை அவள் தொடவில்லை. "ஆறு இரிக்கி. பாலம் இரிக்கி. நீங்க சொன்ன சேர்ச்சும் அப்பிடியே இரிக்கி."

"வீடு?"

"வீடும் இரிக்கி மிஸ். க்ளைவ் சேர்தான் இல்ல."

"எங்கயாவது போயிருப்பான்."

"நாலு பேருட்ட விசாரிச்சன். அப்பிடி ஒராள் அந்த ஊர்ல எந்தக் காலத்திலயும் இருந்ததில்லயாம்." நஸ்ஹா கைப்பையைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். "சேர்ச் வாசல்ல மேசை போட்டு இத வச்சிருந்தாங்க. ஊர்ச் சரித்திரமாம், ஊராக்கள்ட ஞாபகங்களாம். பஸ்ஸுக்குள்ள இருந்து வாசிச்சன். எனக்கு எல்லாம் பாடமா இருந்திச்சு மிஸ். உங்கட வகுப்புப் பிள்ளையள் சொல்லக் கேட்டுக் கேட்டே பாடமான வசனங்கள்." அவள் எழுந்தாள். "என்னோட கோவிக்காதீங்க. தராம இருக்க ஏலாமப் போச்சு."

அவள் போனபின் ஐரீன் பிஸ்கட் ரின் பெட்டியில் இருந்த கடிதங்களை மேசைமேல் கொட்டினாள். சிவப்புப் பேனையை எடுத்தாள். பார்த்தெழுதும் பிள்ளையைப் பிடிப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. நல்ல வசனங்களை அவள் ஒப்பிடுவதில்லை. நல்ல வசனம் இரண்டு பேருக்கு வரக்கூடும். பிழைகளைத்தான் ஒப்பிடுவாள். பிறர் பிழையைத் தன் பிழையாக எழுதுகிறவன் தப்பவே முடியாது.

ஆகவே அவள் நாயைத் தேடினாள். புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆலைக்காரரின் நாய் கறுப்பு. இருபத்தேழாம் பக்கத்தில், வேறொருவரின் ஞாபகத்தில், அது மண்ணிறம்.

பிறகு எல்லாம் தானாக வந்தது. க்ளைவ் தொண்ணூற்றோராம் ஆண்டில் தன் வாசலில் கண்டதாக எழுதிய குதிரைப் பால்வண்டி, வினிபிரட் ஹாலம் என்ற பெண்மணி முப்பதுகளில், சிறுமியாக இருந்தபோது கண்ட பால்வண்டி. புத்தகம் முதலில் அச்சானது எண்பத்தைந்தில். அவன் கப்பலேறுவதற்கு இரண்டு வருடம் முந்தி. லண்டனின் எந்தப் பழைய புத்தகக் கடையில் அது அவன் கைக்குக் கிடைத்ததோ.

ஐரீன் நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பியபோது பேனை நின்றது. ஆறு பெருகி ஊருக்குள் வந்த நாள். பாடசாலைப் பியானோ வாசலைத் தாண்டி மிதந்து போனதைப் பார்த்துப் பெரியவர்கள் அழ, பிள்ளைகள் சிரித்தார்கள். க்ளைவ் இதை எழுதியது 2005 ஜனவரியில். சுனாமிக் கடல் வந்து போய் மூன்று வாரம். அவளுடைய பாடசாலை அகதி முகாமாக இருந்தது. "எங்கள் ஊரிலும் தண்ணீர் வந்தது, ஐரீன். உன் துயரம் எனக்குத் தெரியும்" என்று தொடங்கிய அந்தக் கடிதத்தை அவள் வரிவரியாகத் தமிழாக்கி, பிள்ளைகளை இழந்தவர்கள் பாயில் கிடந்த வகுப்பறையில் நின்று வாசித்தாள். ஒரு தாய் பியானோ என்ற இடத்தில் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்காக ஐரீன் இருபது வருடமாக அண்ணனுக்கு நன்றி சொல்லி வந்தாள்.

கடைசியாக அறை. தொண்ணூற்றெட்டில் தங்கை பியோனா குடும்பத்தோடு மெல்பேணுக்குப் போனாள். ஐரீனுக்கும் விசா வந்திருந்தது. மருத்துவச் சோதனைகூட முடிந்திருந்தது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. "மெல்பேண் வேண்டாம். உன் அறை இங்கே ஆயத்தமாக இருக்கிறது. சன்னலைத் திறந்தால் தேவாலயம். கீழே லைலாக் மரம். சுவரில் நீல நிறத் தாள். அடுத்த வசந்தத்தில் கூப்பிடுகிறேன்." ஐரீன் போகவில்லை. வசந்தங்கள் தள்ளித் தள்ளிப் போயின. காரணங்களும் வந்துகொண்டே இருந்தன. அவள் எதையும் கேட்கவில்லை.

புத்தகத்தில் அறை அப்படியே இருந்தது. சன்னல், மரம், நீலத்தாள். அது வினிபிரட்டின் அக்கா ஈடித்தின் அறை. பத்தொன்பது வயதில் நெஞ்சு நோயால் இறந்த ஈடித்தை அந்தச் சன்னலின் ஊடாகத் தெரியும் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் க்ளைவ் வந்தான். தலை நரைத்து, சற்றுக் கூனி, சாக்லேட் பெட்டிகளோடு வந்தவன் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதான். அந்த அழுகை உண்மையானதுபோலவே இருந்தது. ஐரீனுக்கு அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று. இருந்தும் அவள் கேட்கவில்லை. அறுபத்தொரு வயதின் பழக்கம் அவளை விடவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டாள். வெள்ளிக்கிழமை காலை, அவனுடைய இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்தாள்.

க்ளைவ் வந்து அமர்ந்தான். அட்டையைப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்த பத்திரிகையை விரித்து, மெதுவாக, புத்தகம் முழுவதும் மறையும்படி அதன்மேல் போட்டான்.

"மீன் சொதி நல்லா இருக்கு, ஐரீன்," என்றான். "முப்பத்தெட்டு வருசமா இந்த ருசிக்கு ஏங்கினன்."

"இன்னும் ஊத்தவா?"

"ஓம், கொஞ்சம்."

அவள் ஊற்றினாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க மண்டபம் நிரம்பியிருந்தது. யூஸ்டஸ் ஒலிவாங்கியைத் தட்டினார். "க்ளைவ் மனே, ஒரு விசயம். லண்டன்காரன் எண்டு சொல்லி எங்கட வெயிலக் குறை சொல்லப்படாது. உனக்காகத்தான் நாலு ஃபேன் போட்டிருக்கம். அதில ரெண்டுதான் சுத்துது." மண்டபம் சிரித்தது. க்ளைவ் வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பு வேறு விதமாயிற்று. கேட்டவர்களுக்குக் கடிதங்கள் மனப்பாடம். பாலத்தடிப் பேக்கரிக்காரர் யார் என்று அவன் நிறுத்தியபோது, "மிஸ்டர் பெல்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கூவினார்கள். முன்வரிசையில் இருந்த ஐரீன் கூவவில்லை. அவளுடைய மடியில் பத்திரிகையால் சுற்றிய புத்தகம் இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் றொவீனா இருந்தாள். இறந்துபோன தம்பி பிரட்லியின் மகள், இருபத்திரண்டு வயது. பியோனா அவளுக்கு மெல்பேணில் தாதியர் படிப்புக்கு இடம் எடுத்துக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

வாசிப்பு முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. க்ளைவ் அந்தச் சத்தத்தில் நனைந்தவனைப்போல நின்றான். பிறகு அவன் பார்வை முன்வரிசைக்கு இறங்கியது. ஐரீனைத் தவிர்த்து, றொவீனாவில் தங்கியது.

"என்ர பிரட்லியிட மகளுக்கு எல்லாருக்கும் முன்னால ஒண்டு சொல்லப்போறன்," என்றான். "மெல்பேண் எதுக்குப் புள்ள? பியோனாவுக்கு வேற வேலை இல்ல. நீ விண்டில்பிக்கு வா. உனக்கு அங்க ஒரு அறை ஆயத்தமா இருக்கு. சன்னலத் திறந்தா சேர்ச். கீழ லைலாக் மரம். அடுத்த வசந்தத்தில நானே கூப்பிடுறன்."

மண்டபத்தில் மூச்சிழுக்கும் ஒலி எழுந்தது. யாரோ ஒரு பெண், "குடுத்து வச்சவ கா," என்றாள். றொவீனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அன்ரி, கேட்டீங்களா?" என்று ஐரீனின் கையை அழுத்தியவள், மறுகையால் ஃபோனை எடுத்துப் பியோனாவுக்கு எழுதத் தொடங்கினாள். மன்னிக்கவும் என்ற சொல் திரையில் விழுவதை ஐரீன் கண்டாள். இருபத்தேழு வருடத்துக்கு முன், இதே நன்றியோடு, அவளும் அதே சொல்லில்தான் பியோனாவுக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.

"அனுப்பாத மனே," என்றாள்.

"என்ன அன்ரி?"

"அனுப்பாத. கொஞ்சம் பொறு."

ஐரீன் எழுந்தாள். கைதட்டல் அவளுக்கென்று நினைத்துச் சிலர் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் பத்திரிகையைப் பிரித்துக் கீழே விட்டாள். க்ளைவ் புத்தகத்தைப் பார்த்தான். தலையை மிக இலேசாக, இல்லை என்பதுபோல, அசைத்தான். சின்ன வயதில் அவள் அப்பாவிடம் கோள் சொல்லப் போகும்போதும் அவன் இப்படித்தான் தலையசைப்பான். அப்போதெல்லாம் அவள் திரும்பிவிடுவாள்.

"க்ளைவ், உன்னட்ட ஒரு கேள்வி."

கைதட்டல் ஒரேயடியாக அறுந்தது. கேள்வி என்ற சொல்லைக் கேட்டதும் யூஸ்டஸ் ஒலிவாங்கியோடு பாய்ந்து வந்தார். "ஐரீன், தேத்தண்ணி வருது கா. பட்டீஸும் வருது. கதைய வீட்ட போய்க் கதையுங்க."

"தேத்தண்ணி பிறகு வரட்டும், யூஸ்டஸ்."

"ஐரீன், எல்லா வீட்டிலயும் கடிதம் இருக்கு," என்றார் அவர் தணிந்த குரலில். அது மன்றாட்டம்போல இருந்தது, அச்சுறுத்தல்போலவும் இருந்தது.

"தெரியும். என்ர வீட்டிலதான் ஆகக் கூட இருக்கு."

பின்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். தத்தம் வீட்டுக் கடிதங்கள் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஐரீன் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தாள். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும் அந்தப் பழைய குரல் அவளுக்குத் திரும்பி வந்தது.

"சேர்ச்சப் பார்த்த சன்னலோட இருக்கிற அந்த அறையில ஈடித் எண்டொரு பெட்டை செத்துப்போனா. நீயும் நானும் பிறக்க முதலே செத்துப்போனா. இதில போட்டிருக்கு. பியானோ மிதந்ததும் இதில போட்டிருக்கு. நான் அந்த அறைக்காக மெல்பேணுக்குப் போகாம இருந்தன். இப்ப இந்தப் புள்ளையையும் அதே அறைக்குக் கூப்பிடுறாய். அதால கேக்கிறன், எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். விண்டில்பியில நீ ஒருநாளும் இருக்கயில்ல. அப்ப இந்த முப்பத்தெட்டு வருசமும் நீ எங்க இருந்தாய், க்ளைவ்?"