விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஓட்டப் பந்தயம் என்று வாலிபர் சங்கத்தார் தமுக்கடித்தார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் தொம்மை அன்றே பெயர் கொடுத்துவிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத அவன் மனைவி இருதயமேரி, அவ்வளவு தூரமா என்று கேட்டுச் சிரித்தாள்.

பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த அடுத்த வீட்டு பச்சைமுத்துவும் ஓடுவதாக இருந்தான். தினமும் வழியிலுள்ள விக்கிரவாண்டி வரை போய்த் திரும்ப வேண்டும், அதுதான் பயிற்சி என்றான். தொம்மையும் கூடவே ஓடினான். நான்காம் நாள் முழங்கால் வீங்கி, பாதி வழியில் ஒரு மாட்டுவண்டியில் ஏறி வீடு வந்தான்.

இருதயமேரி திட்டவில்லை. விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டாள். பந்தயம் வேண்டாம் என்று தொம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் பார்க்க வந்த பச்சைமுத்து அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

"பட்டாளத்துல சேந்த புதுசுல எங்கள நடக்கத்தான் உட்டாங்க. ஓட்டமெல்லாம் அப்புறந்தான். அத மறந்துட்டு உன்னப் பேஜாரு பண்ணிட்டேன்."

"அப்ப இவரையும் நடக்க உடுங்கண்ணே" என்றாள் இருதயமேரி. "ஜெயிக்கவா போறாரு? போய்ச் சேந்தா போதும்."

வீக்கம் வடிந்ததும் அப்படியே தொடங்கினார்கள். முதலில் ரயில்வே கேட் வரை நடை. பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் உடனே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து ஓய்வு. விக்கிரவாண்டியைத் தொடத் தொம்மைக்கு மூன்று மாதம் பிடித்தது. அன்று அவள் கேப்பைக்கூழில் மோர் ஊற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

பந்தயத்தன்று அவள் ரயிலேறி முன்பே திண்டிவனம் போய்விட்டாள். பச்சைமுத்து இரண்டாவதாக வந்தான். வெயில் ஏற ஏறக் கூட்டம் கலைந்தது. சங்கத்தார் எல்லைக் கயிற்றை அவிழ்க்கப் போனபோது, பச்சைமுத்து அதைக் கேட்டு வாங்கி ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை அவளிடம் கொடுத்தான்.

கடைசி ஆளாகத் தொம்மை வந்தான். தூரத்தில் நடந்துகொண்டிருந்தவன், கயிற்றையும் அவளையும் பார்த்ததும் ஓடத் தொடங்கினான். கயிறு நெஞ்சில் பட்டதும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"ஏன்யா இவ்ளோ நேரம்?"

"மயிலம் ரோட்டாண்ட ஒரு அம்மா வேகவச்ச மல்லாட்டை குடுத்தாங்க. தின்னுக்கினே நடந்தேன்" என்றான் தொம்மை.

மடியிலிருந்து ஒரு பிடி வேர்க்கடலை எடுத்து அவள் கையில் வைத்தான்.