சத்யநாராயணனின் நான்காவது படம்

1

இது கதையே அல்ல. கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. தாம்பரத்தில் எங்கள் திரைப்படச் சங்கத்தின் விழாவுக்காக, இயக்குநர் சத்யநாராயணனின் பதினோரு படங்களையும் மதிப்பிட்டு எழுதச் சொன்னார் செயலாளர் தினகரன்.

"டைரக்டரே வர்றாரு சார். நல்லபடியா எழுதுங்க. மேடையில நீங்களே படிச்சிடுங்க."

நல்லபடியா! எரிச்சலோடு ஆரம்பித்தேன்.

"பேய்ப்படம், போலீஸ் படம், குடும்பப்படம் என ஒரே மனிதர் இத்தனை வகை எடுக்க முடியுமா என்று வியக்கும் நாம்..." (அடித்துவிட்டேன். நான் வியக்கவில்லை.)

"பலவகைப்பட்ட இவருடைய படங்களில் மோசமானவையும் பலவகை..." (தினகரன் அடித்துவிட்டார்.)

2

நான்காவது படத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. நாயகி பஸ் நிலையக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுவாள். கேமரா வெளியே நின்று கதவையே பார்க்கும். அழுகை மட்டும் கேட்கும். இது ஒன்றுதான் கலை என்று எழுதினேன்.

"அது ஹீரோயின் குரல் இல்ல சார், டப்பிங். அமலராணின்னு ஒருத்தங்க. இரும்புலியூர்லதான் இருக்காங்க" என்றார் தினகரன். டைட்டிலில் அந்தப் பெயர் இல்லை. தேடிப் போனேன்.

[படங்களை மதிப்பிடுகிறவன் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.]

3

அமலராணிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ட்யூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது நடிப்பு இல்ல சார். டப்பிங் நடுவுல ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு. டைரக்டர்கிட்ட சொன்னேன். 'ஒரே ஒரு டேக், குடுத்துட்டுப் போயிடும்மா'ன்னாரு."

"குடுத்தீங்களா?"

"நீங்கதான் படத்துல கேட்டிருக்கீங்களே."

வீட்டுக்கு வந்து 'கலை' என்பதை அடித்துவிட்டு 'குற்றம்' என்று எழுதினேன். மறுநாள் அமலராணிக்குப் போனில் படித்துக் காட்டினேன். என்மீதே கோபப்பட்டார்.

"அப்படி எழுதாதீங்க சார். அந்த அழுகை நல்லா வந்துச்சு. அது என்னோடது. அதையும் மட்டம் தட்டிட்டா எனக்கு என்ன சார் மிச்சம்? என் பேரை மட்டும் போடுங்க."

இப்படிச் சொல்லும் ஒரு பாத்திரத்தை நான் உருவாக்கியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 'குற்றம்' போனது. 'கலை' திரும்பி வந்தது.

4

விழாவன்று பெருங்களத்தூர் நெரிசலில் பஸ் நகரவில்லை. நின்றபடியே முடிவுகளை யோசித்தேன்.

(அ) இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கிறார். (அவர் படத்தில் மட்டுமே நடக்கும்.)

(ஆ) அமலராணி எல்லாவற்றையும் சொல்லி அழுகிறார். (இயக்குநர் இன்னொரு டேக் கேட்பார்.)

(இ) நான் துணிந்து...

5

துணியவில்லை. கட்டுரையைப் படித்தேன். "அந்தக் குரல் அமலராணியுடையது, இங்கேதான் இருக்கிறார்" என்றேன். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அவர் எழுந்து நின்றார்.

சத்யநாராயணன் மைக்கை வாங்கிக் கைகூப்பினார். "ரொம்ப சந்தோஷம்மா. அந்த சீனைத் தூக்கி நிறுத்தினதே மியூசிக்தான். அதுல உங்க குரலும் அழகா சேர்ந்துகிச்சு."

மறுபடி கைதட்டல். தினகரன் பொன்னாடையைப் பிரித்துவிட்டார். அமலராணி உட்காரவில்லை. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"அதுல மியூசிக்கே கிடையாது சார்" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

இயக்குநர் ஏதோ பதில் சொன்னார். அதை எழுத மாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; கடைசி வசனத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.