தலை தட்டாத படி

பாகூர் அரங்கநாதன் வீட்டுக்குத் தராசு வந்த நாளிலிருந்து அவர் மனைவி கனகாம்பாளுக்கு நிம்மதி போயிற்று. புதுச்சேரிக் கடையில் கிலோக் கற்களோடு வாங்கி வந்தவர், கத்திரிக்காயைக்கூட நிறுக்காமல் அடுப்படிக்கு விடவில்லை. பெரிய துரை என்று நினைப்பு.

ஆனால் அரிசி அளக்க அவளிடம் இப்போது படியும் இல்லை. மூத்தவள் கஸ்தூரியைப் பண்டசோழநல்லூரில் கட்டிக்கொடுத்தபோது, நிறைபடி அரிசியோடு அந்தப் பித்தளைப் படியையும் சீராகக் கொடுத்துவிட்டாள். இப்போது சின்னவள் தனக்கொடிக்கு நிச்சயம் பேச வில்லியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கனகாம்பாள் சுடும் அதிரசத்தைச் சுற்றுவட்டாரம் அறியும். பிள்ளையின் தாய் கலியம்மாள் அதைக் கேட்டே சொல்லியனுப்பியிருந்தாள்.

"படி இல்லாம அரிசிய எப்பிடி அளக்கறது?" என்றாள் கனகாம்பாள்.

"சுப்பராயலு கடைப் படிய வாங்கி அளந்து, தராசுல வச்சுப் பாத்துட்டேன். ஒரு படி ஒன்னேகால் கிலோ. நாலு படிக்கு அஞ்சு கிலோ போடு. வெல்லம் எப்பவும் எடைதான, அதுல மாத்தம் இல்ல" என்றார் அரங்கநாதன்.

அவர் நிறுத்துத் தந்தபடியே ஊறவைத்து, இடித்து, பாகு காய்ச்சிக் கிளறி, மாவைப் பானையில் கட்டி வைத்தாள். நிச்சயத்தன்று காலையில் முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் போட்டாள். போட்ட மாத்திரத்தில் அது பிரிந்து, தூள் தூளாக மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. சாயங்காலம் கலியம்மாள் முன்னால் எதை வைப்பது? அதிரசம் போனால் போகட்டும், பெண்ணின் கைப்பக்குவத்தைப் பற்றியும் அல்லவா பேச்சு வரும்.

"வெல்லந்தான் சரியில்ல" என்றார் அரங்கநாதன்.

"நம்ம கரும்புல காச்சின வெல்லம். அதுக்கு இன்னா கொற? வெல்லம் தூக்கலா இருந்தாத்தான் இப்பிடிப் பிரியும். அரிசிய எப்பிடி அளந்தீங்க?"

"களத்துல அளக்கற மாதிரிதான். படிக்கு மேல நிக்கறதக் கோலால வழிச்சு, தலை தட்டித்தான் நிறுத்தேன்."

கனகாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். களத்தில் நெல்லை ஆண்கள் தட்டி அளப்பார்கள். ஆனால் அடுப்படிக்கு எடுக்கும் அரிசியை யாராவது தலை தட்டுவார்களா? தட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று, வாழவந்த நாளிலிருந்து கோபுரமாகக் குவித்தல்லவா அளக்கிறாள். பாவம், மனிதர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

"அந்தப் படிய மறுபடி வாங்கியாங்க" என்றாள்.

படி வந்தது. அள்ளி அள்ளிப் போட்டு, அரிசி சரியும் மட்டும் குவித்தாள். அதைக் கொட்டி அவர் நிறுத்தார். ஒன்றரை கிலோ நின்றது. கல்லை எடுத்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்தும் ஒன்றரைதான்.

"நாலு படிக்கு ஒரு கிலோ கொறைஞ்சிருக்குதே கனகா" என்றார், குரல் இறங்கி.

அவள் அந்த ஒரு கிலோவை ஊறப்போட்டாள். நிழலில் உலர்த்தி ஈரமாவாக அவரே உலக்கை பிடித்து இடித்துக் கொடுத்தார். பழைய மாவோடு பிசைந்து தட்டிப் போட்டாள். அதிரசம் உப்பி, சிவந்து, முழுசாக எழும்பி வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் கலியம்மாள் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். இன்னொன்றையும் எடுத்தாள். "படிக்கு எவ்ளோ வெல்லம் போடறீங்க? எந்தப் படி? ஊருக்கு ஊரு படி மாறுதே, நான் பண்ணா வரமாட்டேங்குது."

"குவிச்ச படி ஒன்னரை கிலோ. தராசு எந்த ஊர்லயும் மாறாது" என்று முந்திக்கொண்டு சொன்னார் அரங்கநாதன், தாமே கண்டுபிடித்தவர்போல. கனகாம்பாள் விட்டுவிட்டாள். உலக்கை பிடித்த கை அல்லவா.

"அந்தப் படியக் கொஞ்சம் காட்டுங்களேன், பாக்கறேன்" என்றாள் கலியம்மாள்.

கனகாம்பாள் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படிய மூத்தவளுக்குக் குடுத்துட்டேன் அண்ணி. எடைக் கணக்க உங்க வூட்டுக்கு வர்ற சின்னவ எடுத்துகினு வருவா."